மாமாவின் தொப்பியில் இருந்த பெயர்

மாமாவின் தோல் தொப்பியில், இடது காதை மூடும் மடிப்பின் உட்புறம், கட்டைவிரல் அகலத்துக்கு ஓரிடம் மட்டும் வெளுத்துச் சொரசொரப்பாக இருந்தது. அங்கே முன்பு அவருடைய பெயரும் படை இலக்கமும் கறுப்பு மையில் எழுதப்பட்டிருந்தன. சவர பிளேட்டால் அதைச் சுரண்டியவன் நான்.

மாமா அம்மாவின் தமையன், யாழ்ப்பாணத்தார். வெள்ளைக்கார அதிகாரிகள் இருந்த காலத்திலேயே இலங்கை விமானப்படையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். பழுது பார்த்தவனும் முதற் பறப்பில் கூட ஏற வேண்டும் என்பது அங்கே வழக்கமாம். "பிழை விட்டால் நானும் சேர்ந்துதான் விழுவன். பிறகு என்னெண்டு பிழை விடுறது?" என்று சிரிப்பார். ஓய்வு பெற்றதும் கண்டியில், மஹய்யாவவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தத் தொப்பி, பறக்கும்போது போடும் கண்ணாடி, உயரம் காட்டும் கருவி ஒன்று. கலியாணம் கட்டாத மனிதருக்கு இவைதான் சொத்து.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்த புகை எங்கள் முற்றம்வரை வந்தது. தமிழன் வீட்டில் படைச் சாமான் கிடந்தால், எப்படி வந்தது என்று யார் ஆறுதலாக உட்கார்ந்து விசாரிக்கப் போகிறார்கள்? எல்லாவற்றையும் கிணற்றில் போடுவோம் என்றேன். மாமா மசியவில்லை. "பேரைச் சுரண்டு. சாமானை எறியாதை," என்றார். கேட்டால் யாருடையதோ என்று கையை விரிக்கலாம் என்பது அவருடைய எண்ணம். எனக்கோ பயம் தலைக்கேறியிருந்தது. இலக்கத்தையும் சுரண்டினேன். சீருடையில் அவர் நின்ற படத்தையும் சேவைப் பத்திரத்தையும் அடுப்பில் போட்டேன். வந்து பார்த்தவர், "நம்பரையாவது விட்டிருக்கலாம், தம்பி," என்றார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கடைசியில் எங்கள் ஒழுங்கைக்குள் அந்த நாட்களில் ஒருவரும் தேடி வரவில்லை.

சாகும் தறுவாயில் மாமா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இதுகளின்ரை அருமை தெரிஞ்ச ஆளிட்டைக் குடு. என்ரை சாமான் எண்டு சொல்லிக் குடு."

பல வருடங்களின் பின் குண்டசாலையில் இருந்தபோதுதான், பழைய விமானச் சாமான் தேடுகிறவர்கள் இணையத்தில் இருக்கிறார்கள் என்று அறிந்து விளம்பரம் போட்டேன். வருடம் பார்த்துப் போட்ட கெட்டிக்காரன் நான். புலிகளின் விமானங்கள் கொழும்புக்கு வந்துபோன வருடம் அது. "இஞ்சேருங்கோ, உங்களுக்கென்ன விசரே? இப்பவே பிளேன் சாமான் விக்கிறது?" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு கிழமைக்குள் பொலிஸார் வந்தார்கள். யாருக்கு விற்கிறாய், விமானம் யாரிடம் இருக்கிறது என்று காலையிலிருந்து பொழுதுபடும்வரை கேட்டார்கள். என் வயதைவிடப் பழைய சாமான் என்று விளங்கியதும் விட்டார்கள். உயரம் காட்டும் கருவி மட்டும் திரும்பி வரவில்லை.

அதன்பிறகு, பழைய படைச் சாமான் வாங்கி விற்கும் இங்கிலாந்துக்காரர் ஒருவர் விளம்பரத்தைப் பார்த்து எழுதினார். பெயரோ இலக்கமோ இருந்தால் அது ஒரு மனிதனின் தொப்பி, இல்லாவிட்டால் பழைய தோல் என்றார். மாமாவின் முழுப் பெயரையும் எழுதினேன். ஆதாரம் கேட்டார். கலவரத்தைப் பற்றி எழுதினேன். அனுதாபம் தெரிவித்துவிட்டு மறுபடியும் ஆதாரம் கேட்டார். பொலிஸார் திரும்பி வருவதற்குள் சாமான் வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு. சுற்றுலா வந்த அவருடைய நண்பரிடம், கண்டி ஹோட்டல் ஒன்றில், அவர் கேட்ட விலைக்கே தொப்பியையும் கண்ணாடியையும் கொடுத்தேன்.

சில மாதங்கள் கழித்து அந்தத் தொப்பியை இங்கிலாந்துக்காரரின் இணையப் பக்கத்தில் கண்டேன். படத்தின் கீழே, 'இலங்கை விமானப்படை வீரர் ஒருவருடையது. பெயர் தெரியவில்லை. சிங்களவராக இருக்கலாம்,' என்று எழுதியிருந்தார். இனி யாரும் என்னைத் தேடி வரமாட்டார்கள் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. வெட்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு வரி எழுதித் திருத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து இத்தனை வருடங்களாகிவிட்டன. இப்போது கைத்தொலைபேசியிலேயே அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். விற்றாயிற்று என்று போட்டிருக்கிறது, அந்த வரிகள் அப்படியே இருக்கின்றன. அன்று பெயரைச் சுரண்டச் சொன்னவர் மாமா. இந்த முறை அப்படி என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை.