மடியில் கொள்ளாத எட்டு வயது

மேடவாக்கம் கூட்டுரோட்டில் காலை ஏழு நாற்பதுக்கு நாங்கள் ஏறும் பேருந்தில் ஒரு வழக்கம் உண்டு. உட்கார்ந்திருப்பவர்கள் நிற்பவர்களின் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். கேட்பதுகூட இல்லை, கை நீளும், பை போகும். குழந்தை சின்னதாக இருந்தால் குழந்தையே போகும். முன்பின் தெரியாத ஒரு அம்மாள் இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, இறங்கும் இடம் வந்ததும் பெற்றவர் பக்கம் அனுப்பிவைப்பார். ஒன்பது வருடம் நெதர்லாந்தில் இருந்துவிட்டுத் திரும்பிய எனக்கு முதல் வாரம் இது பயமாக இருந்தது. யாரிடமும் பையைக் கொடுக்காதே என்று மகள் பெனிட்டாவிடம் சொல்லிவைத்தேன். மடியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளை யாரும் மடிக்கு அழைக்கவில்லை. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது. கையில் கூடையோடு நின்ற ஒரு அம்மாள் குனிந்து, "எந்திரிம்மா, பெரிய பொண்ணுதானே, நின்னுகினு வரக் கூடாதா?" என்றார். பெனிட்டா, "எனக்கு எட்டு" என்றாள். "எட்டாவதா? அப்ப நல்லாவே நிக்கலாம்." பெனிட்டா எழுந்துவிட்டாள். நாங்கள் இறங்கும் கேம்ப் ரோடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வயது எட்டு வருடம் ஐந்து மாதம். உயரம் 145.1 சென்டிமீட்டர். இதை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் என் தொழில். வெளிநாடு போகும் முன் திருமுடிவாக்கத்தில் ஒரு சிறிய பட்டறையில் உதிரிப்பாகங்களை அளந்து தரம் பார்க்கும் வேலை பார்த்தேன். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: எதையும் மூன்று முறை அள; மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பாகத்தைத் தனியே எடுத்து வை. நெதர்லாந்தில், ஐண்ட்ஹோவன் நகரத்திலும் அதே வேலைதான். பெனிட்டா அங்கே பிறந்தாள். நடக்கத் தொடங்கியது முதல் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவளைக் கதவு நிலையில் சாய்த்து நிறுத்தி, மூன்று முறை அளந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவருகிறேன். அம்மாவின் உயரம் அவளுக்கு. என் மனைவி ஜெசிந்தா என்னைவிட நான்கு விரல் உயரம். மருத்துவமனை வேலைக்கான ஒப்பந்தம் முடியாததால் அவள் இன்னும் அங்கேயே இருக்கிறாள்.

அங்கே இந்த உயரம் யாருக்கும் செய்தி இல்லை. கொன்சுல்டாட்சிபுரோ என்று தெருவுக்குத் தெரு குழந்தைகளை அளந்து பார்க்கும் நிலையம் ஒன்று இருக்கும். அங்கிருந்த செவிலி ஒரு வளைகோட்டின் மேல் புள்ளி வைத்து, "நெட்யஸ்" என்பார். ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். வகுப்பில் அவள் உயரத்தில் நான்காமவள். ஆனால் எட்டு வருடத்தில் அந்த ஊரில் ஒருவர்கூட அவள் கன்னத்தைக் கிள்ளியதில்லை. ரயிலில் அழுதபோது எதிரில் இருந்தவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள். நம் ஊரில் தெருவே பிள்ளையைத் தூக்கி வளர்க்கும் என்று ஜெசிந்தாவிடம் நான்தான் சொல்லிச் சொல்லி, திரும்பிவரச் சம்மதிக்க வைத்தேன். ஊர் திரும்புவதைப் பற்றி எனக்கு எழுதிக் கேட்கும் நண்பர்களே, தண்ணீரையும் பள்ளியையும் பற்றி உங்களுக்கு ஆயிரம் பேர் சொல்வார்கள். தெரு தூக்குவதற்கும் ஒரு உயர வரம்பு உண்டு என்பதை நான் சொல்கிறேன்.

கோவிலம்பாக்கத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பில் எழுபத்திரண்டு வீடுகள். நடுவில் ஒரு விளையாட்டு இடம், இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம். பத்து வயது வரை உள்ளவர்களுக்கு மாலை நாலரை முதல் ஆறு மணி; அதற்கு மேற்பட்டவர்களுக்கு ஆறுக்குப் பிறகு. நாங்கள் வந்த முதல் வாரமே காவலாளி, "பாப்பா ஏழாவதா சார், எட்டாவதா சார்?" என்றார். மூன்றாவது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவால்ல சார், என் மச்சானும் ரெண்டு தடவ ஃபெயிலு. இப்ப சொந்தமா வண்டி வெச்சிருக்கான்" என்று ஆறுதல் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. யார் அவளைக் காலிலிருந்து தலைவரை பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு யாரிடம் திரும்பிப் பேசுகிறார்கள் என்பதை நோட்டின் பின்பக்கத்தில் நேரத்தோடு எழுதத் தொடங்கினேன். இரண்டு மாதத்தில் ஒன்பது பக்கம் நிறைந்தது. இரண்டாம் மாடி சுகன்யா அதில் ஆறு இடத்தில் வருகிறார்.

ஒரு மாலை, பெனிட்டாவோடு விளையாடிக்கொண்டிருந்த சுகன்யாவின் மகன் ரிஷி ஊஞ்சலிலிருந்து விழுந்தான். ஒன்பதரை வயது, பெனிட்டாவின் தோள் வரை இருப்பான். உதட்டில் மூன்று தையல். அன்றிரவே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், "பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிறார்கள், வயதை மறைத்து நாலரை மணிக்கு அனுப்புகிறார்கள்" என்று வந்தது. எந்தப் பிள்ளை என்று பெயர் இல்லை. நாற்பத்தொரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றிக் கூட்டம் என்று சங்கச் செயலாளர் தனசேகர் தொலைபேசியில் சொன்னார். ஆறு மணிக்கு மேல் வருபவர்கள் எல்லாம் மீசை முளைத்தவர்கள். அந்த நேரத்துக்கு மாற்றிவிட்டால் பெனிட்டாவுக்கு விளையாட ஆளே இருக்காது. ஐண்ட்ஹோவனை விட்ட பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

நான் அவளிடம் விசாரித்தேன். முதல் முறை, "அவன் கையை விட்டுட்டான்" என்றாள். இரண்டாவது முறை, "நான் அவனைத் தொடவே இல்ல" என்றாள். மூன்றாவது முறை, "நான் தள்ளினேன்" என்று அழுதாள். மூன்று அளவு, மூன்று விதம். ஊரையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன் அன்று இரவு என் மகளையும் தனியே எடுத்து வைத்தேன். இவ்வளவு வளர்ந்த பெண் ஒரே பதிலைச் சொல்ல வேண்டாமா என்றுதான் தோன்றியது. அவளிடமும் அப்படியே கேட்டேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கூட்டத்துக்குப் பிறப்புச் சான்றிதழையும் நோட்டையும் கொண்டுபோனேன். இந்த மனை முன்பு தனசேகர் குடும்பத்தின் வயல். இப்போது நான்கு வீடு அவருடையது; பேச்சில் கடைசி வார்த்தையும் அவருடையதே. சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா பாஷை சார்?" டச்சு என்றேன். "எங்களுக்குப் படிக்கத் தெரியாதுன்னு தைரியமா குடுக்கிறீங்க." எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நோட்டைப் புரட்டினார். "எல்லாம் ஒரே இங்க்கு, ஒரே கையெழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் கூட இல்ல. இத்தன வருஷமா ஒரு மனுஷன் இப்டி எழுதுவானா?"

"நான் எழுதுவேன்."

"அதான் சார் டவுட்டே. நேத்து ஒக்காந்து எழுதுனாப்ல கீது."

இன்னும் ஒரு பக்கம் புரட்டியிருந்தால் பின்பக்கக் குறிப்புகளை அடைந்திருப்பார். நோட்டை வாங்கி மூடினேன். அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தார்கள். "பொண்ணையே கேட்டுடலாம்" என்று யாரோ சொன்னார்கள். பெனிட்டா நடுவில் வந்து நின்றாள். எழுந்து நின்ற சுகன்யாவின் கண்ணும் அவள் கண்ணும் ஏறக்குறைய நேருக்கு நேர் இருந்தன.

"தள்ளுனியாம்மா?" என்றார் தனசேகர்.

"ஊஞ்சலைத் தள்ளினேன். அவன்தான் இன்னும் வேகமா, இன்னும் வேகமான்னான். அவனைத் தொடல. அவன் டாட்டா காட்ட கையை விட்டுட்டான்."

மூன்று பதிலும் சரியாக இருந்தன. எனக்கு அதை அடுக்கிப் பார்க்கத் தெரியவில்லை. சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. என்னிடம் வந்து, அத்தனை பேர் முன்னால், பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கால் இரண்டும் தரையில் கிடந்தன. யாரோ சிரிப்பை அடக்கினார்கள். சுகன்யா மட்டும் கிட்டே வந்து, அழுகையில் திறந்திருந்த அவள் வாயை உற்றுப் பார்த்தார். என்ன செய்யப்போகிறார் என்று நான் நிமிர்ந்தேன்.

"வாயத் திற, பாப்பா. ஐயோ, இது ஆடுதே. எவ்ளோ நாளா?"

"நாலு நாளா" என்றாள் பெனிட்டா, விசும்பலுக்கு நடுவே.

சுகன்யா தனசேகர் பக்கம் திரும்பினார். "முன்பல்லுக்குப் பக்கத்துப் பல்லு சார். பால் பல்லு. ரிஷிக்கு இது போன வருஷமே விழுந்துடுச்சு. இது குழந்த சார்." பிறகு என்னிடம், சற்றுக் கோபமாகவே, "இதச் சொல்லியிருக்கலாம்ல நீங்க?" என்றார்.

எனக்குத் தெரியாது. நோட்டில் முப்பது அளவு இருக்கிறது; எந்தப் பல் எப்போது விழுந்தது என்று ஒரு வரி இல்லை. நான்கு நாளாக ஆடிய பல்லைப் பற்றி அவள் என்னிடம் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் நான் அவளை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

"சரி, பாப்பா நாலரைக்கே வரட்டும்" என்றார் தனசேகர். எழுந்து போகும்போது என் பக்கம் குனிந்து, "இந்த வருஷத்துக்கு. அடுத்த வருஷம் பாக்கலாம் சார்" என்றார். குழுவில் அந்தச் செய்தி இன்றும் அப்படியே இருக்கிறது. நாற்பத்தொரு கட்டைவிரலில் ஒன்றைக்கூட யாரும் திரும்ப எடுக்கவில்லை. அவ்வப்போது போய் எண்ணிப் பார்க்கிறேன். பின்பக்கக் குறிப்புகளை மட்டும் கிழித்துவிட்டேன். முன்பக்கத்தில், அந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் கழித்து, பல் விழுந்ததை எழுதியிருக்கிறேன். பல்லை அவளே ஒரு தாளில் மடித்துக் கொடுத்தாள். அதன் நீளத்தை நான் அளக்கவில்லை.

நேற்றுக் காலை பேருந்தில் கூட்டம். கம்பியைப் பிடித்து நின்ற பெனிட்டா பக்கம் ஜன்னலோரத்திலிருந்து ஒரு கை நீண்டது. "குடும்மா, எவ்ளோ வெயிட்டு தூக்கினு நிக்கிற." பெனிட்டா என்னைப் பார்த்தாள். கொடுக்காதே என்று சொல்லியிருந்தவன் நான். தலையசைத்தேன். பையைக் கழற்றி அந்த அம்மாளின் மடியில் வைத்தாள். கேம்ப் ரோடு வரை பை அந்த மடியில் இருந்தது. அதன் வாரைப் பிடித்திருந்த கையை அவள் கடைசிவரை எடுக்கவில்லை.