நன்றி சொல்லாமல் வைத்தவர்கள்

வளர்மதி மேடம் இறந்துபோன செய்தி இரண்டு ‘ஒர்க் ஆகல’களுக்கு நடுவே வந்தது. அரியலூர் பேருந்து நிலையத்தில் பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் சந்தேகம் கேட்பதற்காக மேடம் தொடங்கிய வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. கணினித் திரையைச் சாய்வாக, கட்டைவிரலும் விழ எடுத்த படம். கீழே ‘ஒர்க் ஆகல மேடம்’. அதற்கடுத்து மேடத்தின் எண்ணிலிருந்தே ஒரு செய்தி: ‘நான் வளர்மதியின் தம்பி. அக்கா இன்று காலை மாரடைப்பில் இறந்துவிட்டார். வேப்பந்தட்டையில் மாலை எடுக்கிறோம்.’ அதற்கும் அடுத்து, நான் அதை இரண்டாம் முறை படித்து முடிப்பதற்குள், இன்னொரு படம். ‘எனக்கும் ஒர்க் ஆகல மேடம்.’

அனுப்பியவர் கொஞ்ச நேரத்தில் அதை அழித்துவிட்டுக் கைகூப்பும் பொம்மையைப் போட்டார். பிறகு, ‘வேறு யாராவது பார்க்க முடியுமா?’ என்று அதே படத்தை மறுபடி அனுப்பினார். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை.

அதற்குப் பிறகு வந்தவை இன்னும் மோசம். ‘எந்நேரமும் முகம் சுளிக்காமல் உதவியவர்.’ ‘கேட்டதை உடனே கொடுத்த வள்ளல்.’ ‘பொறுமையின் சிகரம்.’ மேடத்தோடு ஒரே கல்லூரியில், ஒரே துறையில், ஒரே அறையில் வேலை பார்த்தவன் நான். அவர் முகம் சுளிக்காமல் உதவி நான் பார்த்ததே இல்லை. முழு புரோகிராமை எழுதி யாருக்கும் கொடுத்ததில்லை. பொறுமைக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இந்தக் குழுவில் இருக்கும் உங்களுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தே எழுதுகிறீர்கள். செத்துப்போனால் ஒருவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று யார் சொன்னது?

மேடத்தின் முறை ஒன்றே ஒன்றுதான். படம் அனுப்பக் கூடாது. போன் செய்ய வேண்டும். திரையில் சிவப்பாக என்ன வந்திருக்கிறதோ அதைக் கடைசி வரியிலிருந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினால் பரவாயில்லை, எழுத்துக் கூட்டிப் படிக்கலாம். படிக்காமல் ‘ஒர்க் ஆகல’ என்று மட்டும் சொன்னால், “எது ஒர்க் ஆகல? மெஷினா, நீயா?” என்பார். மறுமுனையில் இருப்பவர் இளித்தால் போனை வைத்துவிடுவார். “சிவப்பா வந்தா திட்டுதுன்னு நெனச்சுக்கிறாங்க சார்,” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். “அது வழி சொல்லுது. வழி சொல்றவன் மூஞ்சியப் பாக்காம, என்னைய வந்து வழி கேக்குறாங்க. எரிச்சல் வருமா வராதா?”

ஆலத்தியூர் சுரேஷை உங்களில் சிலருக்குத் தெரியும். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளை எடை போடும் இடத்தில் ஒப்பந்த ஆபரேட்டர். வீடியோ பார்த்துத் தானாகவே பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டு, எந்த லாரி எத்தனை நடை அடித்தது என்று சொல்லும் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது நின்றுபோனது. மேடம் அப்போது டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

“மேடம், லாரிக்காரங்க வந்து ஏசுறாங்க. நேத்து வரைக்கும் ஓடுச்சு. நான் ஒண்ணுமே பண்ணல மேடம்.”

“ஒண்ணுமே பண்ணாதது எப்படிங்க நிக்கும்? கடைசி வரியப் படிங்க.”

“நேம் எரர். நேம்… அப்புறம் ஏதோ தமிழ்ல இருக்கு மேடம். ஈஸ் நாட் டிஃபைன்ட்.”

“ஏதோன்னு ஒரு எழுத்து கிடையாது. என்ன இருக்கு, அதப் படிங்க.”

“உ.”

“எந்த வரின்னு போட்டிருக்கு?”

“முதல் வரி.”

“முதல் வரியில என்ன எழுதினீங்க?”

லாரிகளின் சத்தத்துக்கு நடுவே மவுஸை உருட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “ஐயோ, பிள்ளையார் சுழி,” என்று ஒரு குரல். அவ்வளவுதான், லைன் கட்டாகிவிட்டது. பூஜையன்று கணினிக்குச் சந்தனம் குங்குமம் வைத்த கையோடு, கணக்கு எழுதும் தாளுக்குப் போடுவதுபோல் தன் புரோகிராமின் தலையிலும் ஒரு ‘உ’ போட்டிருக்கிறார் மனிதர். இயந்திரம் அதையும் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, இது யார், எனக்குத் தெரியாதே என்று நின்றுவிட்டது.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “நன்றி கூடச் சொல்லாம வெச்சுட்டாரே மேடம்,” என்றும் சொன்னேன். மேடம் சிரிக்கவில்லை. முகத்தில் வழக்கமான சுளிப்பும் இல்லை. “நன்றி சொல்லாம வெச்சான்னா அவனே கண்டுபிடிச்சுட்டான்னு அர்த்தம் சார். நன்றி சொல்றவன் எங்கிட்டேருந்து எதையோ வாங்கிட்டுப் போறான்,” என்றார். பிறகு சுரேஷுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினார்: ‘சாமியை எடுக்க வேண்டாம். முன்னால் ஒரு ஹேஷ் குறி (#) போடுங்கள். அப்படிப் போட்ட வரியை மெஷின் படிக்காது, மனிதர்கள் மட்டும் படிப்பார்கள்.’ அந்தப் புரோகிராமின் தலையில் ஹேஷ் குறிக்குப் பின்னால் பிள்ளையார் சுழி இன்றும் இருக்கிறது.

இன்னொரு நாள் குன்னம் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் அப்பா வந்தார். தோளில் ஒரு பை நிறையச் சின்ன வெங்காயம். மகள் மூன்று நாளாக ஒரே புரோகிராமோடு அழுகிறாளாம். “அந்தப் புரோகிராம நீங்களே எழுதிக் குடுத்துட்டா என்னங்க மேடம், புள்ள சோறு திங்க மாட்டேங்குது,” என்றார். மேடம் அவரை உட்காரச் சொன்னார்.

“மூட்டையில வெங்காயம் அழுகி நாத்தம் வந்தா என்னங்க பண்ணுவீங்க?”

“பிரிச்சுக் கொட்டிப் பாப்பேன். அழுகினத எடுத்துருவேன்.”

“மூட்டையோட தூக்கிப் போட்டுட்டு வேற மூட்டை குடுன்னு யாருகிட்டயாச்சும் கேப்பீங்களா?”

“அது எப்படிங்க? ஒண்ணு ரெண்டுதான அழுகியிருக்கும்.”

“உங்க பொண்ணு கொட்டிப் பாக்க மாட்டேங்குது. வேற மூட்டை கேக்குது.”

அவர் எழுந்தார். பையையும் எடுத்துக்கொண்டார். “வெங்காயத்த வெச்சுட்டுப் போங்க,” என்றார் மேடம், கொஞ்சமும் கூச்சப்படாமல். எனக்கும் பாதி கொடுத்தார். அந்தப் பெண் புரோகிராமை வரி வரியாக எடுத்துவிட்டுப் பார்த்து, கெட்ட வரி எது என்று தானே பிடித்தாள். ஆனால் கல்லூரி முழுக்க மேடத்துக்குத் திமிர் பிடித்தவர் என்ற பெயர்தான் நின்றது.

இந்தப் பெயரைத்தான் இப்போது கழுவப் பார்த்தார்கள். மேடம் இறந்து ஒரு வாரத்துக்குள் எங்கள் துறைத்தலைவர் என்னை அழைத்தார். நினைவுக் கூட்டம் நடத்தப் போகிறார்களாம். அதில் ‘வளர்மதி உதவியாளர்’ என்று ஒன்றைத் தொடங்கி வைக்கப் போகிறார்களாம். புரோகிராம் சந்தேகம் எதைக் கேட்டாலும் நொடியில் பதில் சொல்லும் செயற்கை அறிவு. மேடத்துக்கு அடுத்தபடியாகக் குழுவின் நிர்வாகி நான்தான் என்பதால், குழுவில் மேடம் போட்ட பதில்களையெல்லாம் எடுத்துத் தர வேண்டும் என்றார். மாதிரி ஒன்று தயாராக இருந்தது. திரையில் மேடத்தின் படம். அடையாள அட்டையில் உர்ரென்று பார்க்கும் அதே படம்தான். உதட்டின் இரண்டு ஓரங்களையும் மேலே இழுத்துவிட்டுச் சிரிக்க வைத்திருந்தார்கள். அது வேறு யாரோ ஒரு அம்மா.

துறைத்தலைவர் ‘ஒர்க் ஆகல மேடம்’ என்று தட்டினார். எதிலே, என்ன பிழை, ஒன்றும் இல்லை. அந்த மூன்றே சொல். ‘கவலை வேண்டாம்! உங்களுக்கு உதவுவதில் மிக்க மகிழ்ச்சி! இதோ முழு புரோகிராம்’ என்று சிரித்த முகத்துக்குக் கீழே வரி வரியாக ஓடியது. யாரும் கேட்காத ஏதோ ஒரு புரோகிராம்.

“தர மாட்டேன் சார்,” என்றேன்.

“ஏன் சார் கோபப்படுறீங்க? மேடம் பேரு என்னைக்கும் நிக்கும்ல. இயந்திரம் மேல உங்களுக்கு என்ன வெறுப்பு?”

“இயந்திரத்து மேல ஒண்ணும் இல்ல. நானே தினமும் அதுகிட்ட கேக்குறேன். இது மேடம் இல்லன்னு சொல்றேன்.”

“சரி, விடுங்க. நீங்க தரலன்னாலும் ஓடும். அவங்க பதில் இல்லாமத்தான இப்ப ஓடுச்சு?” என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் அருவருப்பாக இருந்தது. மேடம் சொன்ன ஒரு வார்த்தைகூட அவர்களுக்குத் தேவைப்படவில்லை. பெயர் போதும், இழுத்துவிட்ட உதடு போதும்.

பெயரைக் கொடுக்கவோ மறுக்கவோ உரிமை உள்ளவர் மேடத்தின் தம்பி கலியமூர்த்தி. மேடம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடுதான் இருந்தார். வேப்பந்தட்டைக்கு வண்டியில் போனேன். கலியமூர்த்தி பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தார். சேதி அவருக்கு முன்பே வந்திருந்தது, ஒப்புக்கொள்வதாகவும் சொல்லியிருந்தார்.

“காலேஜ்ல அக்கா பேர வெக்கிறாங்கன்னா நல்லதுதானங்க சார்?”

நான் வாதாடவில்லை. துறைத்தலைவர் எல்லா ஆசிரியர்களுக்கும் அனுப்பியிருந்த மாதிரியைப் போனில் திறந்து கொடுத்தேன். “உங்கக்காகிட்ட எதாச்சும் கேளுங்க,” என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். ரொம்ப நேரம் அந்தச் சிரிப்பையே பார்த்தார். பிறகு ஒற்றை விரலால் ‘போன் வேலை செய்யல அக்கா’ என்று தட்டினார். ‘கவலை வேண்டாம்!’ என்று வந்தது. அதற்கு மேல் அவர் படிக்கவில்லை.

“எங்கக்கா இருவது வருசமா எனக்கு ஒரு ரீசார்ஜ் பண்ணித் தந்ததில்லீங்க சார். ‘என்ன போட்டிருக்கு, படி, படி’ன்னு உசுர எடுக்கும். கவலைப்படாதேன்னு ஒருநாளும் சொன்னதில்ல,” என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தபோது கண் கலங்கியிருந்தது. “இது யாருங்க? எங்கக்கா இல்ல. வேணாம்னு சொல்லிடுறேன்.”

என் முன்னாலேயே துறைத்தலைவருக்குப் போன் செய்து சொன்னார். உதவியாளர் வேறொரு பெயரில் வந்தது. இருக்கட்டும், வேண்டியவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். நினைவுக் கூட்டத்தில் மேடத்தின் உர்ரென்ற படத்தையே வைத்தார்கள். மேடையில் எல்லோரும் நன்றி, நன்றி என்றார்கள். அவரிடம் வாங்கிக்கொண்டு போகப் பார்த்தவர்கள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். தானே கண்டுபிடித்துவிட்டுப் போனை வைத்தவர்களில் ஒருவரையும் நான் அங்கே பார்க்கவில்லை.

போன வாரம் எனக்கு ஒரு அழைப்பு. பின்னால் லாரிச் சத்தம்.

“சார், ஆலத்தியூர் சுரேஷ் பேசுறேன். மேடம் தம்பி உங்க நம்பரக் குடுத்தாரு.”

“சொல்லுங்க சுரேஷ். எனக்கு எடை மேடையப் பத்தி ஒண்ணும் தெரியாதே.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம் சார். படிக்கிறேன், கேட்டுக்கிட்டு மட்டும் இருங்க. தனியா படிச்சா கண்ணு ஓடிப் போயிடுது.”

கடைசி வரியிலிருந்து படித்தார். எழுத்துக் கூட்டி, ஒவ்வொரு சொல்லாக. “பெர்மிஷன் எரர். பெர்மிஷன் டினைடு. ரிப்போர்ட் ஃபைலு…” நின்றார்.

“அட, இந்த ஃபைல நானே அந்தப் பக்கம் தொறந்து வெச்சிருக்கேன், அப்புறம் எப்படி அதுல எழுத விடு—”

லைன் கட்டாகிவிட்டது. மேடத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். போனைக் காதிலிருந்து எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.