தகப்பன் பெயரில் கிடந்தவர்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சவக்காலையில் புல் வெட்டும் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் பெயர் போய்விட்டது. வேலைப் பத்திரத்தில் என் தகப்பன், ஐயாவின் பெயர் கடைசிப் பெயராக இருந்தது. போர்த்துக்கேயச் சூப்பர்வைசர் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்: "சின்னத்துரை!" ஐயா இறந்து ஒன்பது வருடம். பனிமூட்டக் காலைகளில் அவர் பெயர் கல்லறைகளுக்கு நடுவே போய், மதிலில் பட்டு, வேறொரு குரலாகத் திரும்பி வரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு ஐந்து நாடு அலைந்தவன் நான். பெயருக்காகச் சண்டை பிடிக்கவில்லை.

தொண்ணூற்று நாலு ஒக்ரோபரில் அஜின்கோர்ட்டிலிருந்து ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அன்ரி வந்தார். அவருடைய தகப்பன் நல்லதம்பி, இரண்டாம் உலகப் போர் நேரம் மலாயாவில் வேலை பார்த்தபோது பிரிட்டிஷ் விமானப் படையில் சேர்ந்தவர். கனடாவில் பயிற்சி என்று ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

"அம்மா இண்டைக்கும் பொட்டும் தாலியுமாத்தான் இருக்கிறா, தம்பி. முடிவு தெரியாமல் கண் மூட மாட்டாவாம். இது நாலாவது சவக்காலை."

சூப்பர்வைசர் போர்வீரர் பதிவேட்டை இரண்டு தரம் புரட்டினார். நல்லதம்பி இல்லை.

"சின்னத்துரை, இவரை வாசல் கேற் வரைக்கும் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

"அது உம்மடை பேரோ?" அன்ரி கேட்டார்.

"இல்லை அன்ரி, ஐயான்ரை. செத்தும் மனுசனுக்கு லீவு இல்லை."

அன்ரி சிரிக்கவில்லை. பதிவேட்டுப் பக்கம் திரும்பினார். "அப்பான்ரை ஐயா வேலுப்பிள்ளை. அந்தப் பேரிலை ஒருக்காப் பாக்கச் சொல்லும்."

வேலுப்பிள்ளை இருந்தார். ஏழாவது வரிசை. கல்லில் அந்தப் பெயருக்கு முன்னால் N என்று ஓர் எழுத்து. நல்லதம்பி ஐம்பது வருடமாக அதற்குள் கிடந்திருக்கிறார். இரண்டு கோடை நான் சுற்றிச் சுற்றிப் புல் வெட்டிய கல்.

மறுநாள் அன்ரி தாயைக் கூட்டி வந்தார். வயது இருபத்தாறு என்று கல் சொன்னது. இறந்த திகதியை வாசித்துக் காட்டினேன்.

"மாசிக் கடைசி. ஓம், சரி" என்றார் தாய், ஆச்சரியமே இல்லாமல். "அண்டைக்கு ஊரிலை எங்கடை வீட்டு வாசல் படலையிலை வந்து நிண்டவர். மழையில்லாத காலம், உடுப்பெல்லாம் ஈரம். இனி வரமாட்டன் எண்டவர். நான்தான் நம்பேல்லை."

சேலைத் தலைப்பால் பொட்டைத் துடைத்தார். அடுத்த கணம் புல்லில் விழுந்தார். பிடிக்க நான் இரண்டு அடி பிந்திவிட்டேன்.

பிறகு வேலைக்கு வந்தவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுத்தேன். தேடி வருபவரிடம் இறந்தவரின் தகப்பன் பெயரையும் கேள். கல்லைக் காட்டப் போகும்போது அவர்கள் உட்கார ஒரு கதிரை கொண்டு போ.