முதல் டம்ளர்

என் வீட்டுக்காரரை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ரசமட்டம் என்பார்கள். கொத்தனார்கள் மட்டம் சரியாக இருக்கிறதா என்று வைத்துப் பார்க்கிற, நடுவில் குமிழி ஓடுகிற கட்டை இருக்கிறதே, அது. கல்யாணமாகி வந்த முதல் வாரம் நான் சுவரில் மாட்டிய கண்ணாடியை அந்தக் கட்டையை வைத்துப் பார்த்து, ஆணியைப் பிடுங்கி, ஒரு நூல் தள்ளி அடித்தார். தட்டில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்கு அவர் பட்டினி, எனக்குத் திட்டு. டம்ளரை மோந்து பார்க்காமல் வாயில் வைக்கமாட்டார். தெருவில் யாராவது எச்சில் துப்பினால் இவர் முகம் எட்டுக் கோணலாகப் போகும். இப்படிப்பட்ட சுத்தக்காரரின் கதையைத்தான் சொல்லப்போகிறேன். சொல்ல வாயெடுத்தாலே குமட்டுகிறது.

எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. அதற்கு அப்பால் பாறைகளும் ஆறும்தான். ஆறு மேலே கோட்டையடியில் இறங்கி, இரண்டு மலைகளைக் கத்தியால் கீறினாற்போலப் பிளந்துகொண்டு அரைநாள் நடை தூரம் வந்து, எங்கள் தெருவருகில்தான் வெளிச்சத்தைப் பார்க்கிறது. அந்தப் பிளவுக்குள்ளே பழைய சுங்கச்சாவடி, கல்பாலம், எழுத்து வெட்டிய குகை என்று ராஜா காலத்துச் சமாச்சாரங்கள் உண்டு. ஒரு காலத்தில் ஆடு மேய்க்கிறவர்களைத் தவிர அங்கே யாரும் போனதில்லை. எவனோ ஒருவன் போட்டோ பிடித்துப் போட்டான். அவ்வளவுதான், மலையேறுகிறோம், வரலாற்றைப் பார்க்கிறோம் என்று பட்டணத்து ஜனம் கூட்டம் கூட்டமாக வர ஆரம்பித்தது. பஸ் அவர்களைக் கோட்டையில் இறக்கிவிடும். ஆற்றோடு நடந்து எங்கள் தெருவில் வந்து விழுவார்கள். நல்ல காலுள்ளவர்கள் இரண்டு கையிலும் குச்சி ஊன்றி நடப்பதை அப்போதுதான் நான் முதல்முறை பார்த்தேன்.

வாசலில் ஒரு பலகையைப் போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்றேன். வியர்வையும் சேறுமாக வந்து உட்காருவார்கள். ஈரக் காலுறையைக் கழற்றி என் பலகையிலேயே காயப்போடுவார்கள். அந்த நாற்றத்துக்கு எலுமிச்சம்பழமே மயங்கி விழும். ஒரு பெரிய மனுஷர் நான் கொடுத்த ஜூஸை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, “இந்த ஆத்துத் தண்ணிக்குன்னு ஒரு ருசி இருக்கும்மா. டவுன்ல கிடைக்காது” என்று நாக்கைச் சப்புக் கொட்டினார். எங்கள் தெருவுக்கு அந்த ஆற்றை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. குடிக்க, சமைக்க, ஜூஸ் போட எல்லாவற்றுக்கும் அதுதான்.

அப்புறம்தான் கோட்டையில் கக்கூஸ் கட்ட வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வரலாற்றுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டிருந்தார்கள், கட்டத்தான் வேண்டும். கான்ட்ராக்டர் ஒருவர் எடுத்தார். அவருக்குக் கொத்தனார் என் வீட்டுக்காரர். ஆறு அறைகள், வெள்ளை டைல்ஸ், தொட்டி வைத்த பீங்கான். “ஒரு டைல்ஸ் ஏத்த இறக்கம் கிடையாது. கோலிக்குண்டு வச்சா நிக்கும்” என்று வீட்டில் வந்து பெருமையடித்தார். திறப்பு விழாவில் யாரோ பெரிய அதிகாரி முதலில் போய்த் தண்ணீரை இழுத்துவிட்டுக் கைதட்டல் வாங்கினார்.

அந்த மாதத்திலிருந்து என் வீட்டுக்காரர் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்.

முதலில் எனக்குத் தெரியவில்லை. டம்ளரை நீட்டினால், “இப்பதான் குடிச்சேன்” என்பார். சாப்பிட்டு முடித்ததும் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குடிப்பார். பிறகு சாப்பாடும் குறைந்தது. குழம்பைப் பார்த்தாலே முகம் சுளித்தார். கோட்டைப் படிகளைச் சரிபார்க்கிற வேலையும் அவருக்கே கிடைத்ததால் நாளெல்லாம் மேலே கிடந்தார், அங்கேயே ரொட்டி வாங்கித் தின்றார்.

இதே சமயத்தில் எங்கள் இரண்டு பிள்ளைகளில் சின்னவளுக்கு வயிறு கெட ஆரம்பித்தது. நிற்கும், மறுபடி வரும். குழந்தை ஈர்க்குச்சியாக இளைத்துப்போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

“கை கழுவிட்டுச் சமைக்கிறீங்களா?”

“கழுவுறேங்க.”

“சோப்புப் போட்டு?”

“சோப்புப் போட்டுத்தாங்க.”

“என்ன கழுவுறீங்களோ! அழுக்குலயே புழங்கினா குழந்தைக்கு இப்படித்தான் ஆகும். தண்ணியைக் கொதிக்க வச்சுக் குடுங்க.”

கூட வந்த சுத்தக்காரர் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் காலண்டர் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். ஆனால் ஆற்றிலேயே விழுந்து புரளுகிற பிள்ளையின் வாயை யார் பொத்துவது?

பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். அவள் என் காதைக் கடித்தாள். “வீட்டுச் சோறு இறங்கலை, வீட்டுத் தண்ணி இறங்கலைன்னா வேற எங்கயோ இறங்குதுன்னு அர்த்தம்டி. மேல டிக்கெட் குடுக்கிற இடத்துல ஒருத்தி இருக்காளாமே?”

அதற்குமேல் எனக்கு உட்கார முடியவில்லை. மறுநாள் பிள்ளைகளை அக்காவிடம் விட்டுவிட்டு, ஆற்றுக்குள் இறங்கி மேல்நோக்கி நடந்தேன். கையும் களவுமாகப் பிடித்து இரண்டு பேரையும் நாறடிக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.

அந்தப் பள்ளத்தாக்கின் வாயிலேயே இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும் உள்ளே முழுதாக நடந்தது அன்றைக்குத்தான். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை. மேலே வானம் ஒரு முழத் துணி அகலத்துக்குத் தெரிந்தது. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அழகாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். அதனால்தான் வயிறு இன்னும் எரிந்தது. சுங்கச்சாவடியின் தூண்களுக்கு நடுவே குழந்தைக்குக் கட்டிவிட்ட நாப்கின்கள் உருட்டி வைக்கப்பட்டிருந்தன. கல்பாலத்தடியில் பிஸ்கெட் உறைகளும், மஞ்சளாக ஏதோ நிரம்பிய ஒரு பாட்டிலும் மிதந்தன. என்ன ஏதென்று நான் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. குகையில் எந்த ராஜாவோ வெட்டிய எழுத்துக்குக் கீழே காதலர்கள் தங்கள் பெயர்களை அம்பு விட்டுக் கீறியிருந்தார்கள். ராஜாவும் அதைத்தான் செய்திருக்கிறான், அவன் உளி கொஞ்சம் நல்ல உளி.

எதிரே இறங்கி வந்த கூட்டம், செருப்புக் காலோடு ஒரு பொம்பளை தனியாக ஏறிப் போவதை வேடிக்கை பார்த்தது. ஒரு பெண், “ஆன்ட்டி, ஒரே ஒரு போட்டோ” என்றாள். என் புருஷனை வேவு பார்க்கப் போகிற முகத்தை அவள் என்னவென்று நினைத்தாளோ.

உச்சி வெயிலுக்குக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் ஒரு பலகை: இந்த எல்லைக்குள் மண் தோண்டுவது தண்டனைக்குரிய குற்றம். டிக்கெட் கொடுக்கிறவளைப் பார்த்தேன். பாவம், அவளுக்கு என் அம்மா வயசு, காதும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தூரத்தில் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து ஒரு கல்லுக்கு ரசமட்டம் வைத்துக்கொண்டிருந்தார். சுற்றுவட்டாரத்தில் ஒரு பொம்பளையும் இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நல்ல மனுஷனைச் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு இளகிப்போனது. போய்ப் பேசுவதற்கு முன்னால், இவ்வளவு தூரம் நடந்ததில் முட்டிக்கொண்டிருந்ததால், அவர் கட்டிய கக்கூஸுக்கே போனேன்.

டைல்ஸ் பளபளத்தது. முடித்துவிட்டுத் தண்ணீரை இழுத்தேன். மண்ணுக்கடியில் கழிவுத் தொட்டிக்குள் விழுகிற மாதிரி அடங்கிய சத்தம் வரவில்லை. சுவருக்கு வெளியே எங்கேயோ சளசளவென்று கொட்டுகிற சத்தம் வந்தது. இதென்னடா என்று சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனேன்.

அங்கே தொட்டியே இல்லை. ஆறு அறைகளுக்கும் சேர்த்து ஒரே குழாய், சுவரிலிருந்து வெளியே வந்து, பாறையோடு ஒட்டி இறங்கி, ஒரு வெடிப்பில் முடிந்தது. அந்த வெடிப்பிலிருந்து பழுப்பும் பச்சையுமாக ஒரு கோடு வழிந்து போய்க் கீழே ஆற்றில் கலந்தது. ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. நான் இழுத்துவிட்ட தண்ணீர் அப்போதுதான் அந்த வழியே போய்க்கொண்டிருந்தது. அதன் பின்னாலேயே என் கண்ணும் போனது. கல்பாலம், சுங்கச்சாவடி, எங்கள் தெரு, என் குடம்.

நான் பாறையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

குழாயை ஒரு கை நேர்த்தியாகப் போட்டிருந்தது. வாட்டம் அவ்வளவு சரியாக இருந்தது, ஒரு சொட்டு எங்கேயும் தேங்கவில்லை. யார் கை என்று யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்த்தேன். கோட்டைச் சுவருக்கு மேலே பாறை இடுக்கில் ஒரு ஊற்று. என் வீட்டுக்காரர் அங்கே குந்தி, பாட்டிலை இரண்டு தடவை அலசிக் கொட்டிவிட்டு, நிதானமாக நிரப்பிக்கொண்டிருந்தார். வேறொருத்தி இருந்திருந்தால் அவளுடைய கூந்தலைப் பிடித்து ஆத்திரத்தைத் தீர்த்திருப்பேன். இதற்கு யாருடைய கூந்தலைப் பிடிப்பது? அவருக்குத் தெரியும். தெரிந்து, தான் குடிக்கவில்லை. பெற்ற பிள்ளை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அவர் போனபிறகு அதே ஊற்றில் நானும் ஒரு பாட்டில் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணில் படாமல் இறங்கி வந்தேன். வழியில் ஒரு கூட்டம் ஆற்றில் முகம் கழுவி, அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தது. “குடிக்காதீங்க, கக்கூஸ் தண்ணி” என்று கத்தினேன். பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு மறுபடி குடித்தார்கள். தெருவுக்கு வந்ததும் ஜூஸ் பலகையைத் தூக்கிச் சுவரோரம் போட்டேன்.

சாயங்காலம் அவர் வந்தார். கைகால் கழுவி உட்கார்ந்தார். முன்னால் டம்ளரை வைத்தேன்.

“குடிங்க.”

“இப்ப வேணாம். வழியில டீ குடிச்சேன்.”

“டீ குடிச்ச வயித்துல தண்ணி இறங்காதா?”

“வயிறு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்றேன்ல.”

சொல்லிக்கொண்டே, தரையில் கொஞ்சம் சாய்ந்து நின்ற டம்ளரைச் சமமான இடமாகப் பார்த்து நகர்த்தி வைத்தார். அப்போது சின்னவள் விளையாடி வேர்த்து ஓடி வந்தாள். “அப்பாவுக்கு வேணாம்னா நான் குடிச்சிடறேன்” என்று டம்ளரைத் தூக்கினாள். பெரியவன் பக்கத்தில் நின்றிருந்தான், நான் நின்றிருந்தேன். அத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மனுஷனுக்கு, என் கண் எதிரே அன்றைக்கு முடியவில்லை. அவர் கை பாய்ந்து வந்தது. டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதி உருண்டது. குழந்தை பயந்து அலறினாள்.

“மேல போயிருந்தேன்” என்றேன். “நீங்க கட்டின கக்கூஸுக்கும் போனேன். டைல்ஸ் நல்லா இருக்கு.”

அவர் உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

“அது மேல ஊத்துல நான் பிடிச்சிட்டு வந்த தண்ணி. நல்ல தண்ணியைத்தான் தட்டி விட்டீங்க.”

“அங்க தோண்டக் கூடாதுன்னுட்டாங்க. கோட்டை கெட்டுப் போயிடுமாம். ஆறு பெருசு, அடிச்சிட்டுப் போயிடும்னு கான்ட்ராக்டர் சொன்னாரு.”

“அடிச்சிட்டு எங்க போகும்? நம்ம வீட்டுக்குத்தான போகும்?”

“சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப? வேற தண்ணி இருக்கா நமக்கு?”

“உங்களுக்கு இருந்துச்சே! ஒரு பாட்டில் தூக்கிட்டு வந்த கை நாலு பாட்டில் தூக்கிட்டு வராதா?”

“எங்கிருந்து, எதுக்குன்னு நீ கேட்பியே. கேட்டா என்னன்னு சொல்றது?”

நான் கேட்பேனே என்று பிள்ளையை அந்தத் தண்ணீரைக் குடிக்க விட்டிருக்கிறார். இந்த வாயோடுதானா இத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று இருந்தது. தட்டில் முடி கிடந்தால் எழுந்து போகிற ஆள், ஆஸ்பத்திரியில் என் கை அழுக்கு என்று அந்த நர்ஸம்மா பேசும்போது எழுந்திருக்கவில்லை. அவரைத் தொடுவதற்கே எனக்கு அருவருப்பாக இருந்தது.

“நாளைக்குக் காலையில அந்தக் குழாயை அடைக்கிறீங்க” என்றேன்.

“வேலை போயிடும்.”

“போகட்டும்.”

விடிந்ததும் சிமென்ட் மூட்டையை அவர் சுமக்க, சின்னவளை நான் சுமக்க, மறுபடி அந்தப் பள்ளத்தாக்கு வழியே ஏறினோம். குழாய் வாயில் கல்லைத் திணித்துக் கலவையைப் போட்டார். போட்டதோடு விட்டாரா? கரண்டியால் தேய்த்துத் தேய்த்துப் பூச்சை மழமழவென்று ஆக்கிக்கொண்டிருந்தார். “போதும், வாங்க” என்று கத்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பஸ்ஸாகக் கூட்டம் வந்தது. மத்தியானத்துக்குள் ஆறு அறைகளும் நிரம்பி, கோட்டை வாசல் வழியாக, தோண்டக் கூடாது என்கிற பலகையைச் சுற்றிக்கொண்டு ஓடியதாம். கைதட்டல் வாங்கிய அதிகாரி பளபளக்கும் ஷூவோடு வந்து இறங்கி அதிலேயே காலை வைத்தாராம். இதைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் வாய்விட்டுச் சிரித்தேன். தோண்டவே முடியாத இடத்தில், பக்கத்து மண்மேட்டில் ஒரு பெரிய தொட்டிக்கு அந்த வாரமே இடம் கிடைத்தது. கான்ட்ராக்டர் இவரை அதற்குப்பின் கூப்பிடவில்லை. அக்கம்பக்கத்தில் குழாயைப் பற்றிச் சொன்னேன், யார் போட்டது என்று சொல்லவில்லை. என் பிள்ளைகள் இந்தத் தெருவில்தான் வளர வேண்டும். ஆறு தெளிகிற வரைக்கும் தெருவுக்கே ஊற்றுத் தண்ணீர் சுமந்து வந்தவர் அவர்தான். நல்ல மனுஷன் என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன், வேறென்ன செய்ய?

சின்னவள் தேறிவிட்டாள். எலுமிச்சை ஜூஸ் மறுபடி விற்கிறேன். கண்ணாடி இன்னும் நேராகத்தான் தொங்குகிறது.

ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. காலையில் குடத்தை இறக்கியதும் முதல் டம்ளரை அவருக்குத்தான் ஊற்றுகிறேன். அவர் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்கு. “புருஷனுக்கு என்ன மரியாதை குடுக்கிறா பாரு, கத்துக்கணும்டி இவகிட்ட” என்று பக்கத்து வீட்டு அக்கா தன் மருமகளிடம் சொல்கிறாளாம். சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.