மூன்று உருண்டைகளும் ஒரு யானையும்

அன்று வார்டில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர், கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. நான், ஸ்டூலில். நர்ஸம்மா. பக்கத்துக் கட்டில் பெரியவர். மதியம் பார்க்க வந்த கம்பெனி மேஸ்திரி. அவர் பையில் ஒரு பீங்கான் யானை.

வீட்டுக்காரருக்கு நிமோனியா. ஐந்தாம் நாள். சாயங்காலம் குழாயை எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரலில் மாட்டும் மிஷின் தொண்ணூற்று நாலு காட்டினால் விருத்தாசலத்திலேயே இருக்கலாம். குறைந்தால் ஆம்புலன்சில் புதுச்சேரி. புதுச்சேரியில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது.

நர்ஸம்மா அவரை நிமிர்த்தி உட்காரவைத்தார். முதுகுக்கு இரண்டு தலையணை. படுத்தே கிடந்தால் நெஞ்சின் அடிவரைக்கும் காற்று போகாதாம். பிறகு ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே மூன்று உருண்டைகள். பக்கத்தில் ஒரு குழாய்.

"வாய வெச்சு மெதுவா உள்ள இழுங்கண்ணே. உருண்ட மேல ஏறும்."

வாயை வைத்தார். ஊதினார். உருண்டை அசையவில்லை.

"ஊதாதீங்க. இழுங்க."

ஊதினார்.

"இழுக்கணும்ணே!"

"இழுத்துக்கிட்டுத்தான சிஸ்டர் இருக்கறன்." மறுபடியும் ஊதினார்.

அவர் மேல் தப்பில்லை. செராமிக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை. சுட்ட பொம்மையை எடுப்பார், தூசி போக ஊதுவார், கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்குவார். தூசி இருந்த இடத்தில் கிளேஸ் பிடிக்காது. அதனால் கையில் எது வந்தாலும் ஊதுவார். சோற்றுத் தட்டை ஊதுவார். பிள்ளை பிறந்ததும் வாங்கி அதன் முகத்தில் ஊதினார்.

மேஸ்திரி, "கொண்டாய்யா இப்பிடி" என்று பெட்டியை வாங்கி, அவரும் ஊதினார்.

"ஓட்ட மிஷினும்மா இது."

"ஒங்க கம்பெனில இழுக்கறவங்களே கெடையாதா?" என்றார் நர்ஸம்மா.

"பீடி இழுப்போம்."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஊதுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பார். நானும் அங்கே வேலை பார்த்தவள். பார்த்திருக்கிறேன்.

மேஸ்திரி எங்கள் பிள்ளைக்கென்று கொண்டுவந்த யானையை எடுத்தேன். கிளேஸ் போடாதது. வீட்டுக்காரரிடம் நீட்டுவதற்குள் நர்ஸம்மா பிடுங்கிக்கொண்டார்.

"நெஞ்சு நோவுக்காரர்கிட்ட தூசியக் காட்டுவீங்களா?"

குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் யானையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தூசியே இல்ல. எதுக்கு ஊதணும்?"

எல்லாரும் மேஸ்திரியைப் பார்த்தோம். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"காது மடிப்புல பாருய்யா. இந்த லட்சணத்துலதான் சரக்கு அனுப்புவியா?"

வீட்டுக்காரருக்கு முகம் மாறிவிட்டது. யானையை வாய்க்கு நேரே தூக்கினார். ஊத மூச்சு இழுக்கும் நேரம் பார்த்து நான் பெட்டிக் குழாயை அவர் வாயில் வைத்தேன். இழுத்தார். ஒரு உருண்டை ஏறியது. இரண்டாவது ஏறியது. மூன்றாவதும்.

"புடிங்க, புடிங்க, மூச்ச அப்பிடியே புடிங்க!" என்றார் நர்ஸம்மா.

குழாயை எடுத்ததும் யானையின் காதில் ஊதினார்.

மணிக்குப் பத்து தடவை செய்யவேண்டும். இரண்டு காது, தும்பிக்கை, நாலு கால், வால், வயிறு, முதுகு. கணக்குச் சரியாக இருந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவர், "எனக்கும் ஒண்ணு கெடைக்குங்களா?" என்று கேட்டார். அடுத்த சூளையில் பார்க்கலாம் என்றார் மேஸ்திரி.

சாயங்காலம் ஆக்சிஜனை எடுத்தார்கள். அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொன்னார்கள். யானை மடியில் இருந்தது. நர்ஸம்மா விரல் மிஷினை நீட்டினார். வீட்டுக்காரர் அதை வாங்கி ஒரு ஊது ஊதிவிட்டு விரலை நுழைத்தார். முதலில் வெறும் கோடு ஓடியது. மேஸ்திரி தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தொண்ணூற்று நாலு.