தளபதியின் படத்தை நான் துடைக்கவில்லை

ஒஸ்லோவில் வயோதிபர்களின் வீடுகளுக்குப் போய் உதவிசெய்யும் வேலை எனக்கு. நகரின் ஹொல்ம்லியா பகுதியில் ஓர் இத்தாலியர் இருந்தார். நோர்வேக்காரியைக் கலியாணம் முடித்து இங்கே வந்தவர். மனைவி இறந்த பிறகு தனியே இருந்தார். செவ்வாயும் வெள்ளியும் போய் அவரைக் குளிப்பாட்டி, சாப்பாடு சூடாக்கிக் கொடுப்பேன். எனக்கும் சேர்த்துக் கோப்பி ஊற்றி வைத்திருப்பார்.

வரவேற்பறைச் சுவரில் சீருடையோடு ஒருவரின் படம். உங்கள் அப்பாவா என்று கேட்டேன். இல்லையாம், அப்பா அந்தத் தளபதியின் சாரதியாம். தளபதி ஆபிரிக்காவில் படை நடத்தியவர். உலகப்போர் முடிந்ததும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது, ஆனால் சீக்கிரமே வெளியே விட்டுவிட்டார்கள். பிறகு ஒரு கட்சி அவரைத் தலைவராக்கி, ஊர் ஊராக மேடையேற்றியதாம். இவர் இளவயதில் அவரோடு கைகுலுக்கியதைப் பெருமையாகச் சொன்னார்.

ஆபிரிக்காவில் என்ன செய்தார் என்று கேட்டேன். கிளர்ச்சிக்காரர் ஒளிந்திருந்ததால் ஊர்களை எரிக்க வேண்டி வந்தது என்றார், பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டே.

என் நாட்டுப் போரில் எங்கள் தெருவை எரித்த இராணுவத்தினரும் வானொலியில் அதையேதான் சொன்னார்கள். காய்ச்சலோடு படுத்திருந்த என் தங்கை எங்கள் வீட்டுக்குள் இருந்தாள்.

ஞாயிறு விருந்தாளிகள் வருகிறார்கள், படத்தைத் துடைத்துவிடு என்றார்.

“உங்களுக்கு எல்லாம் செய்வேன். அந்த ஆளைத் துடைக்க மாட்டேன்.”

காரணம் கேட்டார். தங்கையைப் பற்றிச் சொன்னேன். அது வேறு, இது வேறு என்றார்.

“என்ன வேறு?”

“அங்கே இருந்தவர்கள் கறுப்பர்கள்...” என்று தொடங்கியவர், தன் தோளில் இருந்த என் கறுத்த கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவரே அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, வேலையிடத்தில் அரசியல் பேசக்கூடாது, வேண்டுமென்றால் வேறு வீடு தருகிறேன் என்றாள். எனக்குக் கொதித்தது. சுவரில் தொங்குவது அரசியல் இல்லை, நான் வாய் திறந்தால் மட்டும் அரசியல். வீடு மாறமாட்டேன் என்றேன்.

“உமக்கென்னத்துக்கு இத்தாலிக்காரற்றை சண்டை?” என்று வீட்டில் என் கணவர் கேட்டார்.

“அங்கை எரிஞ்சதும் ஆக்கள்தானே,” என்றேன்.

அடுத்த செவ்வாய் போனேன். குளிப்பாட்டும்போது தண்ணீர்ச் சூடு சரியா என்று கேட்டேன். முதுகு தேய்க்கும்போது, உன் மனதை நோகடித்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றார். என்னிடம்தான் கேட்டார். எரிந்துபோன அந்த ஊர்க்காரரைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நான் தண்ணீரைக் கூட்டித் திறந்துவிட்டேன்.