தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையும் குற்றாலச் சாரலும்

போன ஆடியில் குற்றாலம் போய் வந்தோம். காரணம் என் வீட்டுக்காரரின் முதுகுவலி. வக்கீல் ஆபீஸில் குனிந்து எழுதி எழுதி வந்த வலி அது. பத்து நாள் அருவியில் நின்றால் பறந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மதுரையில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் நான் சொன்ன தைலத்தை அவர் தொட்டதுகூட இல்லை. எனக்கும் பன்னிரண்டு நாள் லீவு கிடைத்தது. இரண்டு பிள்ளைகளையும் என் அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம்.

மதுரையில் காலை ஆறு இருபதுக்கு ரயில். விருதுநகரில் மாறி ஏற வேண்டும். மூன்றாம் வகுப்பில் தலைக்கு ஒன்றேகால் ரூபாய். ராஜபாளையம் தாண்டியதும் வலப்பக்கம் இடம் பிடித்துக்கொள்ளுங்கள், தென்காசி வரைக்கும் மலை கூடவே வரும். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. அங்கிருந்து குற்றாலம் மூன்றரை மைல், குதிரைவண்டிக்கு ஆறணா. ஆடியில் பேரம் பேசிப் பயனில்லை. என் வீட்டுக்காரர் பேசிப் பார்த்துத் தோற்றார்.

வண்டிக்காரர் மாடசாமிக்கு முப்பது வயதிருக்கும். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் வண்டியை மெதுவாக விட ஆரம்பித்தார்.

“என் வீட்ல மாசமா இருக்கா நர்சம்மா. இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. முந்தி மூணு பெத்தா, மூணுமே தங்கல. நல்லாத்தான் பால் குடிக்கும். ஏழெட்டு நாள்ல வாய் கிட்டிச்சு இழுப்பு வந்துரும். பட்சி தோஷம்னு சொல்லுதாவ.”

பறவை நிழல் பட்டுக் குழந்தை சாவதில்லை என்பது எனக்குத் தெரியும். “தொப்புள்கொடி அறுத்த இடத்தில் என்ன வைப்பார்கள்?” என்று கேட்டேன். சாணிச் சாம்பல் என்றார். அறுப்பது புல் அறுக்கிற பன்னருவாளாலாம். தென்காசி ஆஸ்பத்திரி அவர் ஊரிலிருந்து இரண்டே மைல்தான். ஆனால் ஆம்பிளை டாக்டரிடம் பெண்களைக் காட்டுவதில்லையாம். அவர் மனைவி தாயம்மாளுக்குப் பதின்மூன்றில் கல்யாணம், பத்தொன்பதுக்குள் இது நாலாவது பேறு. எனக்கு அன்றைக்கு அருவியைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மாடசாமி நாங்கள் தங்கியிருந்த வீட்டு வாசலில் வந்து நின்றார். வலி கண்டுவிட்டதாம். நான் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், “பிரசவம் கோமதியக்கா பாத்துக்கிடுவா. நீங்க பிள்ளைய வெலைக்கு வாங்கிக்கிட்டாப் போதும்” என்கிறார்!

பிள்ளை தங்காத வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையை வேற்றுப் பெண் ஒருத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து வாங்கிக்கொள்வாள். அப்புறம் குழந்தை அவளுடையது. பெற்றவள் வெறுமனே வளர்த்துக் கொடுப்பவள். சாவு வந்து தேடினால் அந்த வீட்டில் அவர்கள் பிள்ளை இருக்காதல்லவா? மதுரையாக இருந்தால் சிரித்திருப்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

ஒன்றரை மைல் போனதும் அவர்கள் வீடு. கோமதியக்கா அந்தப் பக்கத்து மருத்துவச்சி, ஐம்பது வயதுக்காரி. என் பையை ஏற இறங்கப் பார்த்தாள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் என் கத்தரிக்கோலையும் நூலையும் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். பதினொரு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது, நல்ல அழுகை. கோமதியக்கா அருவாளை எடுத்தாள். நான் அங்கே தயாராக இருந்த தவிட்டு முறத்தை எடுத்துத் தாயம்மாளிடம் நீட்டினேன்.

“இந்தாங்க தவிடு. இப்போதே வாங்கிக்கொள்கிறேன்.”

“கொடி அறுக்குமுன்னயா? அப்படி வழக்கம் இல்லையே!” என்றாள் கோமதியக்கா.

“என் பிள்ளைக்கு நான்தான் கொடி அறுப்பேன். சாம்பலும் வைக்கக் கூடாது.”

கதவுக்கு வெளியே இருந்து மாடசாமி குரல் வந்தது. “தாயம்மா, தவிட்ட வாங்கிட்டியா?”

“வாங்கிட்டேன்” என்றாள் தாயம்மாள். சொல்லும்போது முறத்தை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“அப்பம் பிள்ள அவுகளுது. அவுக சொன்னபடி செய்யுங்க.”

கோமதியக்கா சாம்பல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டாள்.

அப்புறம் தினமும் காலையில் சாரலில் நனைந்து ஒன்றரை மைல் நடந்தேன். குழந்தை பால் குடிக்கிறதா என்பதுதான் என் ஒரே கேள்வி. அழுக்குப் பட்ட கொடி வழியாக ஏறும் அந்த இழுப்பு நோய் முதலில் தாடையைத்தான் பிடிக்கும். குழந்தை பிறந்த ஏழாம் நாள் தாயம்மாள் சாப்பிடவில்லை. எட்டாம் நாள் நானும் சாப்பிடவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு பேர் பங்கையும் சாப்பிட்டுவிட்டு அருவிக்குப் போனார். ஒன்பதாம் நாள் நான் போனபோது குழந்தை பால் குடித்துக் குடித்து விக்கிக்கொண்டிருந்தது. தாயம்மாள் சிரித்தாள். நான்தான் அழுதேன்.

ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில், கொட்டுகிற மழையில் கோமதியக்கா வந்தாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“அந்தக் கத்திரிய எம்புட்டு நேரம் வெந்நியில போடணும்?” என்று கேட்டாள்.

சொன்னேன். கத்தரிக்கோலையும் நூல் உருண்டையையும் அவளிடமே கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்பம் அந்த மூணும் சாம்பலாலதான் போச்சா?”

இல்லை என்று சொல்லத்தான் ஆசை. இல்லை என்றால் நாளைக்கே இன்னொரு வீட்டில் சாம்பல் வைப்பாள். “ஆமாக்கா” என்றேன்.

“மூணுக்கும் நாந்தான் வச்சேன்” என்றாள். “தாயம்மா கிட்ட மட்டும் சொல்லிராதீய.” சொல்ல மாட்டேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

குற்றாலம் போகிறவர்கள் கம்பளியும் குடையும் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். துணி காய இரண்டு நாள் ஆகும் என்பதால் மாற்றுடை கூடவே வைத்துக்கொள்ளுங்கள். காலை ஐந்துக்குப் போனால் பேரருவியில் கூட்டம் இருக்காது. முதுகுவலி அப்படியேதான் இருக்கிறது, தைலம் தேய்த்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். மாடசாமியின் வண்டியைத் தேடாதீர்கள், கிடைக்காது. கட்டுரையில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன், அவர்கள் ஊர்ப் பெயரைச் சொல்லவேயில்லை. தாயம்மாளுக்குப் படிக்கத் தெரியாதே, எதற்கு இவ்வளவு எச்சரிக்கை என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். அவள் மகள் படிப்பாள்.